நாலு பேர்

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு மனிதர் எப்படி வாழ்ந்தார் என்று பேச்சு வரும்போது, கடைசியில் தூக்கிக்கொண்டு போவதற்கு நாலு பேராவது இருந்தார்களா என்று கேட்பது வழக்கம். என் கணவரைப் பற்றி அப்படி ஒரு கேள்வி எழும் என்று நான் நினைத்ததே இல்லை. முப்பது ஆண்டுகள் ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் என்னும் கீழ்க்குரலில் பாடியவர். சபையில் யார் இறந்தாலும் பெட்டியின் ஒரு மூலைக்குத் தோள் கொடுக்க முதலில் போய் நிற்பவர். மின்வாரியத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் மட்டும் வந்திருந்தால்கூட எங்கள் தெரு கொள்ளாது. ஆனால் அவர் இறந்தது 2021 மே மாதத்தின் மூன்றாவது வாரத்தில்.

அந்த மே மாதத்தைத் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. 10ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்சுகள் மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றன. எனக்கும் தொற்று இருந்ததால் நான் வீட்டின் பின்னறையில் அடைபட்டிருந்தேன். ஒன்பது நாள் படுக்கையில் கிடந்த அவரை ஒரே ஒருமுறை கைபேசித் திரையில் பார்த்தேன். அடக்கத்தையும் அதே திரையில்தான் பார்த்தேன். உறைக்குள் பொதியப்பட்டிருந்த அவரை, தலைமுதல் கால்வரை வெள்ளைக் கவச உடை அணிந்த நாலு பேர் சுமந்து வந்தார்கள். அந்தக் காலத்தில் மதம் பாராமல் ஊர் ஊராகப் போய் உடல்களை அடக்கம் செய்துகொண்டிருந்த இசுலாமியத் தன்னார்வலர்கள் அவர்கள். எங்கள் ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) தள்ளி நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து அடக்க ஆராதனையின் வரிகளை வாசித்தார். பாட்டு இல்லை. முப்பது ஆண்டுகள் மற்றவர்களின் கல்லறை ஓரத்தில் பாடிய மனிதருக்கு பாமாலை என்னும் எங்கள் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு சரணம்கூட இல்லை. அவரை இறக்கி வைத்த பிறகு அந்த நாலு பேரும் சிறிது நேரம் தலைகுனிந்து நின்றார்கள். அவர்களின் முகத்தை நான் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. இந்தக் கட்டுரையை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டின் வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆண்டின் கடைசி இரவு ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு வசன அட்டையை எடுப்பது எங்கள் சபைகளில் எவ்வளவு ஆழமான பழக்கம் என்பது கிறிஸ்தவ வாசகர்களுக்குத் தெரியும். அதைப் பைபிளுக்குள் வைத்துக்கொள்வோம், சிலர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள், ஆண்டு முழுவதும் நடப்பதையெல்லாம் அந்த ஒரு வசனத்தோடு இணைத்துப் பார்ப்போம். என் கணவர் எடுத்த அட்டையில் பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து 91ஆம் சங்கீதத்தின் ஏழாம் வசனம் இருந்தது: "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." கொள்ளைநோய்க் காலத்தில் அதைவிடப் பொருத்தமான வசனம் ஒருவருக்குக் கிடைக்குமா? அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போனார். திரும்பி வந்த பொருள்களில் அவருடைய கண்ணாடியும் கடிகாரமும் இருந்தன; அட்டை இல்லை. அது இல்லாமல் போனதில் எனக்கு அப்போது ஒரு நிம்மதிகூட உண்டாயிற்று என்பதை மறைக்கமாட்டேன், ஏனென்றால் அது திரும்பி வந்திருந்தால் அதை நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பின்னாளில் ஒன்றைக் கவனித்தேன். சோதனைக்காரனாகிய சாத்தான் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக்குதியும், தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள் என்று சொன்னபோது, அவன் எடுத்துக்காட்டியது இதே 91ஆம் சங்கீதத்தைத்தான். இயேசு அதை ஏற்கவில்லை; "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று பதில் சொன்னார். ஆபத்து வராது என்பதற்கான உறுதிச்சீட்டாக அந்தச் சங்கீதத்தைப் பயன்படுத்த மறுத்த முதல் ஆள் அவர்தான். அதே சங்கீதத்தின் 15ஆம் வசனம் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறது. ஆபத்து உண்டு என்று ஒப்புக்கொள்கிற வசனம் அது. இதை நான் அன்றைக்கே அறிந்திருந்தால் துக்கம் குறைந்திருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் துக்கத்தின்மேல் ஏமாற்றப்பட்ட உணர்வும் சேர்ந்து அழுத்தியதே, அது ஓரளவு குறைந்திருக்கும்.

முதல் ஆண்டு நான் நன்றாகவே இருந்தேன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், கோயம்புத்தூரில் படிக்கும் மகளின் கட்டணம் என்று ஒவ்வொரு வேலையும் அடுத்த வேலைக்குத் தள்ளிக்கொண்டு போனது. ஊரடங்கினால் துஷ்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, யாரும் வர முடியவில்லை. எங்கள் ஊரில் துஷ்டி வீடு என்பது பல நாள் ஆள் புழங்கும் வீடு. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், இறந்தவரின் கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்கவும் வைப்பார்கள். எனக்கு வந்தவை வாட்ஸ்அப் செய்திகள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வசனம் மட்டும் பதினேழு முறை வந்திருந்தது. பைபிளில் வரும் யோபு அதைத் தன் பிள்ளைகளை இழந்த அன்றைக்குத் தன் வாயால் சொன்னான். வேறொருவர் அவனிடம் வந்து அதைச் சொல்லவில்லை. இந்த வேறுபாடு சிறியதன்று.

2022 ஆகஸ்ட் மாதத்தில்தான் விழுந்தேன். வகுப்பில் மயங்கி விழுந்ததாக யாரும் எண்ண வேண்டாம். அப்படி விழுந்திருந்தால் எளிதாயிருந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை ஏடுகள் நாற்பதும் மேசைமேல் இருக்க, சிவப்புப் பேனாவைத் திறந்து முதல் ஏட்டின்மேல் வைத்தபடி ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்த எனக்கு ஒரு பிள்ளையின் வாக்கியத்தை முடிவுவரை வாசிக்க இயலவில்லை. அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும், பிறகு உறக்கம் இல்லை. சோறு காகிதத்தைப் போலிருந்தது. அழுகையும் நின்றுவிட்டது, அதைத்தான் நான் தேறிவிட்டதற்கு அடையாளம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜெபிக்க முழங்காலிட்டால் "பிதாவே" என்ற சொல்லுக்கு அப்பால் ஒன்றும் வராது. சாக வேண்டும் என்ற எண்ணம் உரத்த குரலில் வரவில்லை. நாளைக் காலையில் எழாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று, மின்விசிறியின் ஓசையைப் போல, நாள் முழுவதும் மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தது.

இதை யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் வேறொரு நாலு பேர். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நாம் பயப்படுகிறோமே, அந்த நாலு பேர். ஆசிரியை, சபையின் பெண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் எடுப்பவள், தன் கணவரின் மரணத்தைச் "சாட்சியாக" தாங்கியவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. சாட்சி என்ற சொல்லையே நான் அஞ்சத் தொடங்கியிருந்தேன். எங்கள் கூட்டங்களில் சாட்சி சொல்பவர்கள் துன்பத்தில் தொடங்குவார்கள், நடுவில் ஓர் இரவு வரும், முடிவில் கர்த்தர் விடுதலை தந்ததைச் சொல்லி ஸ்தோத்திரத்தோடு உட்காருவார்கள். அந்தச் சாட்சிகள் பொய் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அவற்றில் பலவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் நடுவில் இருப்பவருக்கு, முடிவு இன்னும் வராதவருக்கு, அந்த மேடையில் எழுந்து நிற்க இடம் இல்லை. முடிவு வந்தபின் வா என்று சபை சொல்வதில்லை. அவரவர்தாம் அப்படிப் புரிந்துகொண்டு, பின்வரிசைக்குப் போய், பிறகு வராமலே இருந்துவிடுகிறார்கள்.

கடைசியில் என் நிலையை ஊகித்து ஒரு ஜெபக்குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். நல்லெண்ணத்தோடு வந்தவர்கள், மூன்று மணி நேரம் எனக்காகக் கண்ணீர் விட்டவர்கள். வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதேனும் உண்டா என்று கேட்டார்கள். மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னார்கள். துக்கத்தின் ஆவியைக் கடிந்துகொண்டார்கள். ஏற்கெனவே உணவு இறங்காத ஒருத்தி உபவாசம் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. போகும்போது அவர்களில் ஒருவர், "விசுவாசத்தை விட்டுராதீங்க டீச்சர், மருந்து மாத்திரைன்னு போயிராதீங்க" என்றார். அவர்மேல் எனக்கு இன்று கோபமில்லை. ஆனால் அந்த வாக்கியத்தினால் மருத்துவரிடம் போவது இரண்டு மாதம் தள்ளிப்போனது என்பதையும், அந்த இரண்டு மாதத்தில் எதுவும் நடந்திருக்கலாம் என்பதையும் எழுதாமல் விடுவது தவறு.

அதே வாரத்தில் ஐயர் வந்தார். சபையில் உள்ளவர்கள் சொல்லித்தான் வந்திருப்பார். கையில் பைபிள் இருந்தது, திறக்கவில்லை. என் கணவர் உட்காரும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் பேசாமலே இருந்தார். பிறகு, "அன்னைக்குக் கல்லறையில ஒரு பாட்டுக்கூடப் பாடாம வந்துட்டேன். இன்னும் எனக்குத் தூக்கம் சரியா வரல்லம்மா" என்றார். பதினைந்து மாதங்களில் என் துக்கத்துக்குப் பக்கத்தில் ஒருவர் தம் துக்கத்தைக் கொண்டுவந்து வைத்தது அதுதான் முதல்முறை. யோபுவின் நண்பர்களைப் பற்றி நாம் எப்போதும் குறையாகவே பிரசங்கிக்கிறோம். அவர்கள் வாயைத் திறந்தபிறகு பேசியவை அப்படிப்பட்டவைதான். ஆனால் அதற்கு முன்பு, அவனோடு "ஒரு வார்த்தையையும் பேசாமல், இரவுபகல் ஏழுநாள்" தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று வேதம் பதிவுசெய்திருக்கிறது. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள்.

ஐயர் புறப்படும்போது, 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். எத்தனையோ முறை பைபிளை முழுவதும் வாசித்தவள் நான். அந்தச் சங்கீதம் என் நினைவில் இல்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள் என்று வேதபாடத்தில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆயினும் மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் ஒரு திருப்பத்துக்கு வந்துவிடும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம், ஆறே வசனங்களில் பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. எஸ்ராகியனாகிய ஏமானின் பெயரால் வழங்கும் 88ஆம் சங்கீதம் அப்படி வந்து சேரவில்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி, "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிகிறது. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருள் என்பதே. ஸ்தோத்திரம் இல்லை, விடுதலை இல்லை, ஆனாலும் என்ற சொல்கூட இல்லை. முடிவு வராத ஒருவனுடைய சாட்சியை யாரோ காப்பாற்றி, ஆலயத்தில் பாடுவதற்கென்று பாட்டுப் புத்தகத்தில் சேர்த்திருக்கிறார்கள். அன்றிரவு மூன்று மணிக்கு விழித்தபோது அதைச் சத்தமாக வாசித்தேன். ஆறுதல் உண்டாயிற்று என்று எழுதினால் மிகையாகிவிடும். பல மாதங்களுக்குப் பிறகு "பிதாவே" என்பதற்கு அப்பால் சொல்ல எனக்குச் சொற்கள் கிடைத்தன, அவ்வளவுதான்.

என் சித்தி தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தங்கியது அடுத்த மாதம். எழுபத்துமூன்று வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு, பைபிளையும் பாமாலையையும் தவிர வேறு புத்தகம் அறியாதவர். வந்த அன்றே உளுந்தம்பருப்புச் சோறு பொங்கி, எள்ளுத்துவையல் அரைத்து, தட்டோடு என் கட்டிலுக்கு வந்தார். எனக்கு ஜெபிக்க முடியவில்லை சித்தி என்று சொன்னேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். "நீ ஜெபிக்காண்டாம் ஏட்டி. அத நான் பாத்துக்கிடுதேன். நீ ரெண்டு வாய் சாப்பிடு" என்றார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் பெயரைச் சொல்லி, என்னிடம் கேட்காமலே ஜெபித்தார். நாள்தோறும் இது நடந்தது. நாள்தோறும் இரண்டு வாய்.

எலியாவின் கதையை நான் புதிதாகப் படித்தது அந்த நாள்களில்தான். கர்மேல் மலையில் வானத்து அக்கினியை இறக்கிய தீர்க்கதரிசி, மறுபடியும் நாம் பார்க்கும்போது வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்கிறார். தேவதூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை, விசுவாசக்குறைவைச் சுட்டிக்காட்டவில்லை, கர்மேலை நினைவுபடுத்தவும் இல்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் மறுபடியும் வந்து, மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று. இரண்டு வேளை உணவும் இரண்டு முறை உறக்கமும் முடிந்து, நாற்பது நாள் நடந்தபிறகுதான், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியே வருகிறது. முதலில் சோறும் தூக்கமும், கேள்வி அப்புறம். சித்திக்கு இந்த வரிசை தெரிந்திருந்தது.

மருத்துவரிடம் அழைத்துப்போனவரும் சித்திதான். மகள் கோயம்புத்தூரிலிருந்து விசாரித்து முன்பதிவு செய்திருந்தாள். மனநல மருத்துவர் என்ற பலகையின் கீழே நடந்து உள்ளே போவதற்கு எனக்குக் கால் எழவில்லை. தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் ஆஸ்பத்திரிக்குப் போவதுபோலவே போனார். இளம் வயது மருத்துவர். உறக்கம், உணவு, உடல் எடை, சாக வேண்டும் என்ற எண்ணம் என்று ஒவ்வொன்றையும் தயக்கமின்றி, மரியாதையோடு கேட்டார். கடைசிக் கேள்வியை ஒருவர் நேராகக் கேட்டதே எனக்குப் பாதி பாரத்தை இறக்கியது. தைராய்டுக்கும் இரத்தச்சோகைக்கும் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். துக்கம் நோயன்று என்று அவர் சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். துக்கம் அலையாக வரும், அதன் நடுவே நினைவுகள் இனிக்கவும் செய்யும். மனச்சோர்வு நோய் வரும்போது எல்லாமே ஒரே நிறமாகி, தன்னைப் பற்றிய வெறுப்பும் சேர்ந்துகொள்ளும் என்று விளக்கினார். துக்கமே தணியாமல் நீண்டு வாழ்க்கையை முடக்கிப்போடும் நிலையைத் தனியான ஒரு நோயாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் சேர்த்து, அது 2022 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரையும், வாரம் ஒருமுறை ஆற்றுப்படுத்துநரிடம் பேசுவதும். இரண்டிலிருந்து நாலு வாரம் வரை ஒன்றும் தெரியாது, பொறுங்கள். தேறியபிறகும் நீங்களாக நிறுத்தக்கூடாது என்றார்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை, மாத்திரையை விழுங்கிவிட்டு அடுப்படியில் நின்றபோது, காப்பியில் கருப்பட்டி வாசனை தெரிந்தது. அதுவரை தெரியாமலிருந்தது அப்போதுதான் எனக்கே புரிந்தது. மாத்திரை எனக்கு மகிழ்ச்சியைத் தரவில்லை, விசுவாசத்தையும் தரவில்லை. அழுவதற்கான பலத்தைத் திருப்பித் தந்தது. அன்று என் கணவருக்காக ஓராண்டுக்கு மேல் அழாத அழுகையை அழுதேன். மருந்தா, ஜெபமா என்று கேட்பவர்களுக்கு எசேக்கியா ராஜாவின் கதையைச் சொல்வேன். மரணத்துக்கேதுவான வியாதியில் அவன் அழுது ஜெபித்தான், கர்த்தர் கேட்டார், பதினைந்து ஆண்டு கூட்டிக் கொடுப்பதாகச் சொன்னார். அதைச் சொல்லிய தீர்க்கதரிசி ஏசாயாவே அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தான். ஜெபம் கேட்கப்பட்டதன் அடையாளமே அந்தப் பற்றுதான்.

நம்மிடம் மறந்துபோன இன்னொன்றும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது 1957இல். மனநோயாளிகளை வீட்டாரிடமிருந்து பிரித்து அடைத்துவைப்பதே பல இடங்களில் வழக்கமாயிருந்த காலத்தில், நோயாளியோடு குடும்பத்தார் ஒருவராவது வந்து தங்கியிருந்து சிகிச்சையில் பங்கெடுக்க வேண்டும் என்ற முறை அங்கே வேரூன்றியது. கண்புரைக்கும் பிரசவத்துக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பெருமையாகச் சொல்லும் நாம், அதே மிஷன் மனநோய்க்கும் கதவைத் திறந்து வைத்ததை ஏனோ சொல்வதில்லை.

மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்துக்கு வருகிறேன். "அப்பொழுது நாலுபேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துகொண்டு" இயேசுவிடம் வந்தார்கள்; திமிர்வாதம் என்பது உடல் செயலிழந்துபோகும் வாதநோய். கூட்டத்தினால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து, அவன் கிடந்த படுக்கையை இறக்கினார்கள். ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரிந்த கதை. அடுத்த வசனத்தின் மூன்று சொற்களை மட்டும் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் பார்த்தேன்: "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு." அவர்கள் விசுவாசத்தை. படுக்கையில் கிடந்தவன் என்ன நினைத்தான், நம்பினானா, இதெல்லாம் வீண் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டானா என்று சுவிசேஷம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் வாயிலிருந்து ஒரு விண்ணப்பமும் வரவில்லை. சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்துவிட்டு இயேசு அவனை "மகனே" என்று அழைக்கிறார்.

தமிழில் நாலு பேர் என்றால் பாடை நினைவுக்கு வரும், ஊர்வாய் நினைவுக்கு வரும். இந்த நாலு பேர் எனக்கு அப்படி வந்தவர்கள் அல்லர். விசுவாசம் அவரவருடைய சொந்த இருதயத்தில் அவரவரே எரியவைக்க வேண்டிய விளக்கு என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன். அது அணைந்தபோது நான் வெளியே தள்ளப்பட்டவள் என்று முடிவுசெய்தேன். ஆனால் என் விளக்கு அணைந்திருந்த அந்த மாதங்களில், கட்டிலின் ஓரத்தில் ஒரு கிழவி, எதிர் நாற்காலியில் ஓர் ஐயர், தொலைபேசியில் ஒரு மகள், மேசைக்கு அப்பால் என்னோடு பிரார்த்தனை எதுவும் செய்யாத, என் சமயத்தைச் சேர்ந்தவரும் அல்லாத ஒரு மருத்துவர், இவர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மே மாதத்தில் என் கணவரைச் சுமந்த நாலு பேரையும் அப்போது நினைத்தேன்.

தமிழாசிரியை என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று நம் வேதாகமம் மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறது. ஆனால் அன்றாடப் பேச்சில் முதலிரண்டையும் நம்பிக்கை என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். அதனால் கடவுள் இருக்கிறார் என்பதில் சந்தேகமே இல்லாத ஒருவர், நாளைக்கு நன்றாகும் என்று எண்ண முடியாமற்போகும்போது, தமக்குக் கடவுள் நம்பிக்கையே போய்விட்டது என்று பயந்துவிடுகிறார். எனக்கு நேர்ந்தது அதுதான். கர்த்தர் இருக்கிறார் என்பதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. அவரிடத்தில் எனக்கென்று நாளை ஒன்று இருக்கிறது என்பதைத்தான் என்னால் நினைக்க முடியவில்லை. பவுலே ஆசியாவில் நேர்ந்த உபத்திரவத்தைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, "பிழைப்போம் என்கிற நம்பிக்கை" அற்றுப்போயிற்று என்று ஒளிக்காமல் எழுதுகிறார். இயேசுவும் கெத்செமனேயில், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அடுத்ததாகக் கேட்டது, "என்னோடேகூட விழித்திருங்கள்" என்பதுதான். அவரோடிருந்த மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள்.

விழித்திருக்கத் தவறியதில் சபைக்கு நீண்ட வரலாறு உண்டு. என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே, எருக்குச் செடிகளுக்கு நடுவே, சிலுவையில்லாத ஒரு மேடு இருந்தது. அங்கே யார் என்று கேட்டபோது ஆச்சி என் வாயைப் பொத்தினார். தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்க ஆராதனையை வாசிக்கலாகாது என்று 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமே குறிப்பிட்டிருந்தது. 1917இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் அவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983இல் திருத்திய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், கடுமையான மனநலக் குலைவு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கையிழக்கலாகாது என்றும் சொல்கிறது. அந்த மேட்டில் இருப்பவரின் தாய் அதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்திருப்பார்.

இதே சபையிலிருந்து வேறொன்றும் புறப்பட்டது. இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் குருவானவர் 1935இல் நடத்திய முதல் அடக்கமே, பூப்பெய்தியதை ஏதோ கொடிய நோயென்று எண்ணிப் பயந்து உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு சிறுமியினுடையது. பேசுவதற்கு அவளுக்கு ஓர் ஆள் இல்லாமற்போனதே அவரை விட்டு நீங்காமலிருந்தது. 1953இல் இலண்டனில் தம் ஆலயத்திலேயே ஒரு தொலைபேசியை வைத்து, சாகத் துணிந்தவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்கள், அங்கே தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த தன்னார்வலர்களிடமே மனம்விட்டுப் பேசி, குருவானவரைப் பார்க்க வேண்டிய தேவையின்றியே திரும்பிப் போவதைக் கண்டு, 1954இல் அந்தப் பொறுப்பை அந்தச் சாதாரண மனிதர்களிடமே கொடுத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் என்று அதற்குப் பெயர். அதே வழியில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 1986இல் தொடங்கியதுதான் சினேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு. இன்று 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்தில் அழைத்தாலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. இந்த எண்களை நம் ஆலய அறிவிப்புப் பலகையில், அசனம் என்னும் சபை விருந்துக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதிவைக்கலாம். எங்கள் சபையில் எழுதியிருக்கிறோம்.

இப்போது எப்படியிருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு, தேறிவிட்டேன் என்று ஒரே சொல்லில் பதில் சொல்வதில்லை. மருத்துவரின் அறிவுரைப்படி அளவைக் குறைத்து 2024இல் மாத்திரையை நிறுத்தினோம். ஒரு மழைக்காலத்தில் விடியற்கால விழிப்பு திரும்பி வந்ததும் மறுபடி தொடங்கினோம். அதைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. நம்பிக்கையில்லாத மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது துக்கிக்காதே என்ற கட்டளை என்றே வெகுகாலம் வாசித்திருந்தேன். துக்கம் இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டே அவர் பேசுகிறார் என்று இப்போது வாசிக்கிறேன். கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் தேதி கல்லறைக்குப் போகும்போது மெழுகுவர்த்திகளோடு பாமாலையையும் எடுத்துப் போகிறோம். போன ஆண்டு பாடகர் குழுவில் அவரோடு நின்றவர்கள் ஆறு பேர் வந்து, அன்று பாடாமல் விட்டதை நாலு குரலிலும் பாடினார்கள். பேஸ் கொஞ்சம் மெலிவாகத்தான் இருந்தது.

சில மாதங்களுக்கு முன்பு பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சாட்சி நேரம் வந்தது. வழக்கம்போல இரண்டு பேர் சொன்னார்கள், நன்றாகச் சொன்னார்கள். மூன்றாவதாக நான் எழுந்தேன். எதையும் சொல்லாமல் 88ஆம் சங்கீதத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். "மறைந்துபோனார்கள்" என்ற சொல்லோடு நிறுத்தி, நான் மூன்று ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறேன், எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றும் ஓசை கேட்டது. பிறகு ஐயரம்மா மெதுவாக ஒரு பாமாலையைத் தொடங்கினார்கள்.

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் எப்போதும் உட்காரும் ஒரு பெரியம்மா என் முழங்கையைப் பிடித்து, ஆள்கள் போகட்டும் என்று தூணுக்குப் பின்னால் அழைத்துப்போனார். அவருடைய இளைய மகன் ஆறு மாதமாக வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்று எங்களில் பலருக்கும் தெரியும். வெளிநாட்டுக்குப் போகப் படிக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எந்த டாக்டர்ட்ட காட்டுனீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

காணிக்கை உறை ஒன்றின் பின்புறத்தில் எழுதிக்கொடுத்தேன். வியாழக்கிழமை கூட்டம் குறைவாக இருக்கும், நானும் கூட வருகிறேன் என்றேன்.